முதல் செமி ஆட்டோ ரைஃபிள்: எதை வாங்கலாம், எந்தத் தோட்டா? (ஏற்காடு / சேலம்)

நாகலூர்_மிளகு (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர். காபி, மிளகு போட்ட சின்னத் தோட்டம் இருக்கிறது. மூன்று வருடம் டெக்சஸில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்கு வந்தேன்.

அங்கே என்னோடு வேலை செய்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ரூகர் 10/22 என்ற .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) செமி ஆட்டோவில்தான் சுடக் கற்றுக்கொண்டேன். பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டை) இழுக்க வேண்டாம், விசையை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் அடுத்தது போகும். அந்தப் பழக்கத்தை விட மனசு வரவில்லை. அப்பாவும் தோட்டத்தில் காட்டெருமையும் பன்றியும் இறங்குகிறது, ஒரு துப்பாக்கி இருந்தால் நல்லது என்கிறார்.

இங்கே முதல் செமி ஆட்டோ ரைஃபிள் வாங்க வேண்டும் என்றால் எதை வாங்கலாம்? தோட்டா சேலத்திலேயே கிடைக்குமா? எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கன்னங்குறிச்சி_ஏர்கன் (திங்கள், இரவு 10.15)

நண்பா, செமி ஆட்டோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 4.5 மி.மீ ஏர் ரைஃபிள் ஒன்று வாங்குங்கள். லைசென்ஸ் தேவையில்லை, வீட்டு மாடியிலேயே பத்து மீட்டர் ரேஞ்சு கட்டிக்கொள்ளலாம். நான் நாலு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

---

அஸ்தம்பட்டி_குறி (செவ்வாய், காலை 6.20)

தம்பி, வாங்க. ஊருக்குத் திரும்பி வந்ததில் மகிழ்ச்சி. நான் இருபது வருடத்துக்கு மேல் ரைஃபிள் சுடுகிறேன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டம். இங்கே துப்பாக்கி விஷயத்துக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. விதிகளின் அட்டவணை ஆயுதங்களைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறது. செமி ஆட்டோ துப்பாக்கிகளை, கைத்துப்பாக்கி வகை போன்ற சில தவிர, முதல் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு அனுமதி டில்லியில், உள்துறை அமைச்சகத்தின் கையில். நம் கலெக்டர் ஆபீசில் விண்ணப்பம் போட்டு வாங்கக்கூடிய பொருள் அது இல்லை. பழைய லைசென்ஸில் .22 செமி ஆட்டோ வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று யாராவது விற்கிறேன் என்று வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் லைசென்ஸ் ஆபீசில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதே முதல் பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. .303, 7.62 மி.மீ என்று ராணுவத் தோட்டா போகக்கூடிய ரைஃபிள் எல்லாம் அதில் அடக்கம், போல்ட் இழுக்கும் வகையாக இருந்தாலும் சரி. நம் நாட்டில் .315 என்று ஒரு ரைஃபிள் இருக்கிறதே, அது பிறந்த கதையே இதுதான். பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே முடிவு செய்து, லீ என்ஃபீல்டு என்ற பட்டாள ரைஃபிளின் அமைப்பிலேயே வேறு தோட்டா போகும்படி செய்தார்கள். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் எந்தத் துப்பாக்கி யார் கைக்கு வரும் என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் தோட்டாதான். கடையில் துப்பாக்கியைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு அப்புறம் தோட்டாவைத் தேடுவது தலைகீழ் வேலை.

இப்போது நல்ல செய்தி. அதே 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராக இருப்பவர், குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக .22 ரைஃபிள் அல்லது ஏர் ரைஃபிள் கேட்டால், அந்த விண்ணப்பத்தைச் சட்டம் தனியாகக் குறிப்பிட்டு வழிவிடுகிறது. மற்ற ரைஃபிள்களுக்கு 'தகுந்த காரணம்' என்று ஆபீசர் திருப்திப்பட வேண்டும். .22-க்கு நீங்கள் கிளப் உறுப்பினர் என்பதே காரணம். இவ்வளவு தெளிவான வாசல் இருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே என் யோசனை: கிளப்பில் சேருங்கள். ஆறு மாதம் கிளப் ஏர் ரைஃபிளில் சுடுங்கள். அந்த ஆறு மாதத்தில் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு விண்ணப்பம் போடுங்கள். சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவருக்குப் போலீஸ் கமிஷனர் அலுவலகம், ஏற்காடு என்றால் கலெக்டர் அலுவலகம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும், முன்பு 3 ஆண்டுதான்.

காட்டெருமை விஷயத்தைத் தனியாக எழுத வேண்டும். மத்தியானம் வருகிறேன்.

---

செம்மடுவு_தோட்டம் (செவ்வாய், காலை 8.05)

அண்ணன் வருவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன், இது என் வயிற்றெரிச்சல் உள்ள விஷயம்.

தம்பி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். காட்டெருமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தோட்டத்துக்குள் வந்தது, வேலியை மிதித்தது என்பதெல்லாம் நீங்களாகவே சுடுவதற்குக் காரணம் ஆகாது. பன்றியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸ் வாங்கலாம், அது துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி. விலங்கைச் சுட வனத்துறை தனியாக அனுமதி தர வேண்டும். இரண்டும் வேறு வேறு தாள்.

எங்கள் தோட்டத்தில் போன மார்ச்சில் ஒரு கூட்டம் மூன்று நாள் நின்றது. பூ விட்ட செடியெல்லாம் சாய்ந்து கிடந்தது. அம்மா அழுதார். ஆனாலும் வனத்துறைக்குப் போன் செய்து, பட்டாசு வெடித்து, அவர்கள் வந்து ஓட்டினார்கள். வேறு வழி இல்லை, இருக்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். இந்த மலையில் நமக்கு முன்னாலிருந்து இருக்கும் உயிர் அது.

இன்னொன்று. நம் தோட்டங்கள் எல்லாம் சரிவு. கீழே ஒரு ரோடு போகும், அதற்குக் கீழே இன்னொருவர் தோட்டம், மிளகு பறிக்கிற பெண்கள் ஏணியில் நிற்பார்கள். .22 தோட்டாப் பெட்டியை வாங்கிப் பாருங்கள், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கும். சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் தெரிகிற பச்சைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று மூடுபனியில் எப்படித் தெரியும்? தோட்டத்தில் ரைஃபிள் சுட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

---

நாகலூர்_மிளகு (செவ்வாய், மதியம் 1.30)

நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். காட்டெருமை விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் 'சரி, அது கிடக்கட்டும், நீ சுடுவதற்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்' என்றார்.

இனிமேல் இது விளையாட்டுக்கான கேள்விதான். ஆனால் ஒரு சந்தேகம். .22 என்றால் எல்லா .22-வும் ஒன்றுதானே? தோட்டாவில் என்ன பெரிதாகத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது? டெக்சஸில் நண்பர் ஒரு பெரிய டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டுவார், அள்ளி அள்ளிப் போடுவோம்.

---

ஹூஸ்டன்_ஓமலூரான் (செவ்வாய், மதியம் 3.10)

நான் இப்போதும் டெக்சஸில்தான் இருக்கிறேன், சொந்த ஊர் ஓமலூர். இந்தக் கேள்விக்குப் பதில் என் கையிலேயே இருக்கிறது, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே நான் வாங்கிய முதல் துப்பாக்கி ஒரு .22 செமி ஆட்டோ. சத்தம் குறைவாக இருக்கும் என்று மெதுவாகப் போகும் தோட்டா ஒரு பெட்டி வாங்கினேன். நாலு சுட்டால் ஒன்று சிக்கும். வெற்றுக் கூடு வெளியே போகாமல் கதவிடுக்கில் விரல் மாட்டினது போலச் செங்குத்தாக நிற்கும். துப்பாக்கிதான் பழுது என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை, பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். வேறு பெட்டி கொடுத்தார், குண்டின் எடை 40 கிரெயின், வினாடிக்கு 1200 அடிக்கு மேல் வேகம். ஐம்பதும் ஓடியது.

.22 செமி ஆட்டோவில் பெரும்பாலும் தோட்டாவின் பின்னுதைப்புதான் எல்லா வேலையையும் செய்கிறது. கூடு பின்னால் தள்ளும் வேகத்தில்தான் போல்ட் பின்னால் போகிறது, ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளுகிறது. உதைப்பு குறைந்தால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. போல்ட் ஆக்‌ஷனில் உங்கள் கைதான் அந்த வேலையைச் செய்கிறது, அதனால் எந்த .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவும் ஓடும். முதல் ரைஃபிளாகப் போல்ட் நல்லது என்று அண்ணன் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெரிய ரைஃபிளில் இது வெறும் சிக்கல் இல்லை, ஆபத்து. இங்கே .223 ரெமிங்டன் என்றும் 5.56 நேட்டோ என்றும் இரண்டு இருக்கிறது. மேசையில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. 5.56 என்று குழலில் முத்திரை குத்தியிருந்தால் .223 தோட்டா போடலாம். மறுபக்கம் கூடாது. .223 சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) குண்டு குழலின் உள்வரிகளைத் தொடும் இடைவெளி குறைவு, 5.56 தோட்டா போட்டால் அழுத்தம் ஏறிவிடும். இன்னும் மோசம், .300 பிளாக்அவுட். .223 கூட்டையே வெட்டிச் செய்தது, அதே மேகசினில் உட்காரும். தவறிப்போய் .223 ரைஃபிளில் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால் இங்கே பலர் மேகசினுக்கு வேறு வேறு நிற டேப் ஒட்டுகிறார்கள். பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், குழலில் குத்தியிருப்பதைப் படியுங்கள். நான் ரேஞ்சில் போய் உட்கார்ந்ததும் முதலில் செய்வது அதுதான்.

---

அஸ்தம்பட்டி_குறி (செவ்வாய், இரவு 8.50)

ஓமலூர் தம்பி அருமையாகச் சொன்னார். குழலில் உள்ள முத்திரையும் தோட்டாவின் அடியில் உள்ள முத்திரையும் ஒன்றுதானா என்று பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் லேனில் உட்கார விடுவதில்லை.

நாகலூர் தம்பி கேட்டதற்கு வருகிறேன். .22-க்குள்ளேயே ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் என்று உண்டு. கடைசியில் சொன்ன எல்.ஆர். தான் நமக்கு. .22 மேக்னம் என்பது வேறு, கூடு தடிமனும் நீளமும் அதிகம். எல்.ஆர். துப்பாக்கிக்கும் மேக்னம் துப்பாக்கிக்கும் தோட்டாவை மாற்றிப் போடவே கூடாது.

சரி, எல்.ஆர்.-க்குள் என்ன தேர்வு? வேகம். ஒலியின் வேகம் சாதாரண வெயிலில் வினாடிக்கு ஏறக்குறைய 1125 அடி. வேகத் தோட்டா 1200-ஐத் தாண்டிப் புறப்படும். அது போகப் போக வேகம் குறைந்து ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும், அந்த இறக்கத்தில் குண்டு கொஞ்சம் தடுமாறும். மேட்ச் தோட்டாக்கள், அதாவது போட்டிக்கென்று செய்தவை, தொடக்கத்திலிருந்தே அதற்குக் கீழேதான், 1050, 1080 என்று. அதனால்தான் 50 மீட்டரில் குறி பார்ப்பவர் யாரும் வேகத்தைத் தேடுவதில்லை. 50 மீட்டர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டி இதுதான். மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலை.

ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண், மட்டும் வேறு. என் ரைஃபிளில் ஒரு லாட் ஐந்து தோட்டாவையும் ஒரே ஓட்டைக்குள் போட்டது. அடுத்த லாட் கட்டைவிரல் நகம் அளவுக்கு விரிந்தது. ஈலி (Eley), லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள் இதற்கென்றே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன, பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளை அங்கே கொண்டுபோய்ப் பூட்டி வைத்து லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் முதல் தடவை வாங்கும்போதே நூறு இருநூறு வாங்கி அடைத்துக்கொள்ளாமல், மூன்று விதத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். தோட்டா மாற்றினால் முதல் பத்தை எண்ணாதீர்கள். .22 குண்டின் மேலிருக்கும் மெழுகு குழலுக்குள் படியும், பழைய மெழுகு போய்ப் புது மெழுகு படிய அவ்வளவு வேண்டும். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான் வாங்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

செம்மடுவு_தோட்டம் (புதன், காலை 7.15)

தோட்டாப் பொருத்தம் என்றதும் எனக்கு நடந்ததை எழுதுகிறேன், வீட்டில் பழைய 12 போர் ஷாட்கன் இருப்பவர்களுக்கு உதவும்.

தாத்தா வாங்கிய இரட்டைக் குழல். சீமைச் செய்நேர்த்தி. அப்பா பெயருக்கு மாறி, இப்போது என் பெயரில். நானும் 12 போர் தோட்டா என்று கேட்டு வாங்கிப் போட்டேன். அழகாக உள்ளே போனது, மூடியது. இரண்டு தீபாவளிக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டேன். (அதையும் இப்போது செய்வதில்லை, கொண்டாட்டத்துக்குச் சுடுவது 2019 திருத்தத்தில் தண்டனைக்குரிய குற்றம்.) இரண்டாவது முறை முன்கட்டையில் முடி அளவுக்கு ஒரு விரிசல்.

சேலத்தில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். வயதானவர். குழலைக் கழற்றித் திருப்பி, டார்ச் அடித்து, கட்டைக்குள் மறைந்திருக்கும் தட்டையான பகுதியைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் சின்னதாக இரண்டரை அங்குலம் என்று குத்தியிருந்தது. அதாவது 65 மி.மீ சேம்பர். நான் போட்டது 70 மி.மீ. 'உள்ளே போச்சே சாமி' என்றேன். அவர் சுட்டு முடித்த ஒரு கூட்டை எடுத்து மேசையில் வைத்தார், பக்கத்தில் சுடாத தோட்டாவை வைத்தார். சுட்டது நீளமாக இருந்தது. தோட்டாவின் நுனி மடித்து மூடியிருக்கும், சுட்டதும்தான் அந்த மடிப்பு விரியும். 70 என்பது விரிந்த நீளம். 65 சேம்பரில் அது விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் போய் நெருக்கும். அழுத்தம் ஏறும்.

'உள்ளே போகுதுங்கிறதால பொருந்துதுன்னு அர்த்தம் இல்லீங்க' என்று அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. அதோடு இன்னொன்றும் சொன்னார். 20 போர் தோட்டாவை 12 போர் வீட்டில் வைக்காதீர்கள். தவறிப் போட்டால் சேம்பரைத் தாண்டி உள்ளே போய்க் குழலில் சிக்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் ஒரு 12 போட்டுச் சுட்டால் குழல் கிழியும், பிடித்திருக்கும் கை போகும். வெளிநாட்டில் 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

---

அம்மாபேட்டை_மகள்அம்மா (புதன், காலை 11.00)

வணக்கம். நான் சுடுவதில்லை. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாள். மூன்று வருடமாகக் காலையில் கூட்டிப்போய்க் கூட்டி வருவது நான்தான், அதனால் சில விஷயங்கள் தெரியும்.

தம்பி ஏர் ரைஃபிளைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். பத்து மீட்டரில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். எழுதும் பேனா முனை அளவு. டெக்சஸில் சுட்டதை எல்லாம் மறக்கவைக்கும்.

பெல்லட்டிலும் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) பொருத்தம் உண்டு. 4.5 என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் நல்ல பெல்லட் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருக்கும். எந்த அளவு என்பதை அந்தத் துப்பாக்கியின் குழல்தான் சொல்ல வேண்டும். மகளுடைய ரைஃபிளுக்கு 4.50 சரியாக வருகிறது, பக்கத்து லேன் பையனுக்கு அதே நிறுவன ரைஃபிள், அவனுக்கு 4.49. போட்டிக்கு 0.53 கிராம் தட்டைத் தலை பெல்லட் போடுகிறாள்.

ஒரு முறை மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன். டப்பா நசுங்கி வந்தது. உள்ளே பெல்லட்டின் பின்பக்க விளிம்பு பலதில் கோணல். ஈயம் மெத்தென்று இருக்கும், டப்பா கீழே விழுந்தாலே போதும். அன்று இரவு அவளும் நானும் வெள்ளைத் துணி விரித்து ஐந்நூறையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தோம். நேராக உருளாததை ஒதுக்கினோம். எண்பதுக்கு மேல் போயிற்று. இப்போது எந்த டப்பா வந்தாலும் திறந்து பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடுவதில்லை.

பெல்லட் தொட்டால் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். ஈயம். இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன்.

---

கன்னங்குறிச்சி_ஏர்கன் (புதன், மாலை 5.40)

அக்கா, உருட்டிப் பார்க்கும் யோசனை புதிது, இன்றே செய்கிறேன்.

நாகலூர் நண்பருக்கு: நான் முதலில் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், அதை முழுதாகச் சொல்ல வேண்டும். 4.5 மி.மீ குழல், 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தி. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் லைசென்ஸ் இல்லை. 5.5 மி.மீ வாங்கினால் லைசென்ஸ் வேண்டும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 275 மீட்டர் போனாலே 20 ஜூல் ஆகிவிடும், அதனால் விளம்பரத்தில் வேகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் எந்த எடைப் பெல்லட்டில் அந்த வேகம் என்று கேளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நான் வைத்திருப்பது ஸ்பிரிங் வகை, குழலை மடக்கி இழுப்பது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது, பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். எண்ணெயை அழுத்த அறைக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் எரிந்து 'பட்'டென்று சத்தம் வரும், சீல் போய்விடும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுகப் பிடித்தால் குறி சிதறும். இடது கையில் ஏந்தி வைப்பது போல வைத்து, அது தன் போக்கில் அசைய விட வேண்டும். இது எனக்குப் புரிய எட்டு மாதம் ஆயிற்று.

---

நாகலூர்_மிளகு (புதன், இரவு 10.05)

மூன்று நாளில் இவ்வளவு கற்றுக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. செமி ஆட்டோவை மனதிலிருந்து இறக்கிவைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. அந்த வேகத்தில் பத்தும் போகும் சந்தோஷம் வேறு.

---

அஸ்தம்பட்டி_குறி (வியாழன், காலை 6.00)

வருத்தம் இருக்கட்டும் தம்பி, அது தப்பில்லை. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செமி ஆட்டோவில் கற்றவர்கள் என்னிடம் வரும்போது முதல் குண்டு நன்றாகப் போகும், இரண்டாவதிலிருந்து அவசரம். அடுத்தது தயாராக இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்கு முன்னால் விரல் ஓடிவிடும். போல்ட் ஆக்‌ஷனில் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையை எடுத்து, போல்ட்டைத் தூக்கி, இழுத்து, கூடு விழும் சத்தம் கேட்டு, மறுபடி கன்னத்தைக் கட்டையில் வைக்க வேண்டும். அந்த ஐந்து வினாடியில்தான் மூச்சு அடங்குகிறது. விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, சுட்டுப் பார்த்தால் தெரியும்.

ஏற்காட்டில் வைத்திருப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கீழே சேலத்தில் வெயில், மேலே வருடத்தில் பாதி நாள் பனி. துப்பாக்கியை வண்டியில் மேலே கொண்டுபோய்ப் பெட்டியோடு அப்படியே பீரோவில் பூட்டி வைத்தால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்து குழலில் வியர்த்து நிற்கும். பெட்டியைத் திறந்தே ஒரு மணி நேரம் விட்டு, துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு கை பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். தோல் பெல்ட்டில் தோட்டாவைச் செருகி வைக்கும் பழக்கம் பழைய தோட்டக்காரர்களிடம் உண்டு. தோலில் உள்ள பதனப் பொருள் பித்தளையில் பச்சை பிடிக்கவைக்கும், அப்புறம் சேம்பரில் சிக்கும். தோட்டாவை அதன் பெட்டியிலேயே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில்.

தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும்போது எண்ணெய் பூசி, உறையில் போட்டு, துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சரிபார்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் அங்கே இருக்கும்.

---

செம்மடுவு_தோட்டம் (வியாழன், காலை 9.30)

ரசீது! அதை இன்னொரு முறை அழுத்திச் சொல்கிறேன். வாங்கிய ரசீதை லைசென்ஸ் புத்தகத்தோடு பின் அடித்து வையுங்கள்.

---

நாகலூர்_மிளகு (அடுத்த திங்கள், இரவு 8.15)

நேற்றுக் கிளப்புக்குப் போனேன். அஸ்தம்பட்டி அண்ணன் கூடவே இருந்தார். காலை ஐந்தரைக்கே கிளம்பி மலையை இறங்கினேன், இருபது கொண்டை ஊசி வளைவும் பனிக்குள்தான்.

கிளப் ஏர் ரைஃபிளில் நாற்பது சுட்டேன். முதல் பத்தில் 71. கடைசிப் பத்தில் 84. நடுவில் ஒரு பத்து என்ன சுட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தது. அண்ணன் பெல்லட் டப்பாவை மாற்றிக் கொடுத்தார், 4.49-லிருந்து 4.50. அடுத்த பத்து நெருங்கி வந்தது. நான் தேறினேனா, பெல்லட் பொருந்தியதா என்று கேட்டேன். 'அடுத்த வாரம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்' என்றார்.

உறுப்பினர் படிவம் வாங்கி வந்திருக்கிறேன். அப்பாவும் வந்திருந்தார், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். வரும் வழியில், 60 அடிப்பாலம் தாண்டியதும், 'நானும் ஒன்று சுட்டுப் பார்க்கலாமாடா' என்று கேட்டார்.

அண்ணா, 58 வயதில் கண்ணாடி போட்டவர் பின்சைட் (கண்ணருகே இருக்கும் குறி பார்க்கும் துளை) வழியாகப் பார்க்க ஏதாவது தனி ஏற்பாடு உண்டா?

---

அஸ்தம்பட்டி_குறி (அடுத்த திங்கள், இரவு 9.00)

உண்டு தம்பி. முன்சைட் தெளிவாகத் தெரிய வேண்டும், குறி கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. அந்தத் தூரத்துக்கு ஏற்ற மாதிரி கண் டாக்டர் பவர் எழுதித் தருவார். பின்சைட்டின் துளையைச் சின்னதாக்கினாலே பாதி சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கண்ணாடிச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.